ஜனவரியில் முதல் ஃபுல் மாரத்தான்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஞாயிறு விடிகாலை நாலரை மணிக்கு மெரினா உழைப்பாளர் சிலையருகே கூடி ஓடுகிற குழு எங்களுடையது. சில வருடங்களாகவே புதிதாக வருகிறவர்களோடு ஓடுவதை என் வேலையாக வைத்திருக்கிறேன். "அண்ணா, ஜனவரி ஃபுல்லுக்குப் பதிஞ்சுட்டேன், இனி என்ன பண்ணணும்?" என்று அக்டோபரில் வந்து நிற்பவர்கள்தான் அதிகம். ஆர்வத்துக்கு யாரிடமும் பஞ்சமில்லை. வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. முதலில் பதிவு, அடுத்து ஷூ, கடைசியில் பயிற்சி.

கீழே இருப்பது சென்னையில் ஓடிப் பயிற்சி எடுத்து, ஜனவரி முதல் ஞாயிறை ஒட்டி நடக்கும் 42.195 கி.மீ. ஓட்டத்துக்குத் தயாராகும் ஒருவருக்கானது. வேறு ஊர்க்காரர்கள் மழைக்காலக் கணக்கை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் உங்களிடம் இருக்க வேண்டியவை

பதினெட்டு வாரப் பயிற்சியைத் தொடங்கும் நாளில் நீங்கள் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 5 கி.மீ. நிற்காமல் ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். மாதத்தில் இரண்டு முறையாவது 10 கி.மீ. ஓடியிருந்தால் இன்னும் நல்லது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழகுவதற்கு மாதங்கள் பிடிக்கும். முன்னது தரும் தெம்பில் பின்னதை உடைத்துக்கொள்வதுதான் புதியவர்களின் முதல் விபத்து.

இதுவரை ஓடியதே இல்லையா? அப்படியென்றால் இந்த ஜனவரியை விட்டுவிட்டு அடுத்த ஜனவரியைக் குறி வையுங்கள். முதல் மூன்று மாதம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று ஆரம்பித்து 5 கி.மீ.க்கு வாருங்கள். அடுத்த மூன்று மாதத்தில் 10 கி.மீ. அதற்குப் பிறகு இந்த வழிகாட்டிக்குத் திரும்பி வரலாம்.

மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 35 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் எல்லோரும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை செய்து, "42 கி.மீ. ஓடப் போகிறேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும். "உடற்பயிற்சி செய்யலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். சர்க்கரைக்கு இன்சுலின் எடுப்பவர்கள், நீண்ட ஓட்ட நாட்களில் அளவை எப்படி மாற்றுவது என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் முன் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது ஓடி முடிக்க அனுமதிக்கும் அதிகபட்ச நேரத்தைப் பாருங்கள். சில ஓட்டங்களில் 6 மணி நேரம், சிலவற்றில் 7. ஒரு கி.மீ.க்கு 8 நிமிடம் 30 விநாடி என்று ஓடினால் முழுத் தூரத்துக்கு 5 மணி 58 நிமிடம் ஆகும். கட்-ஆஃப் 6 மணி என்றால் தண்ணீர் குடிக்க நிற்பதற்கே நேரமிருக்காது.

2. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

போட்டி ஞாயிறிலிருந்து 18 வாரம் பின்னே போனால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வந்து நிற்போம். புழுக்கம் நிறைந்த செப்டம்பரில் பயிற்சி ஆரம்பமாகி, அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழைக்குள் நுழைந்து, மழை உச்சத்தில் இருக்கும் நவம்பர், டிசம்பரில் நம் மிக நீண்ட ஓட்டங்கள் வரும். சென்னைக்காரர்களின் திட்டம் குலைவது இந்த இடத்தில்தான். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு அட்டவணைகளில் இதற்கு இடமே இருக்காது.

2015 டிசம்பர் முதல் வாரத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரத்தையும் நினைத்துப் பாருங்கள். அந்த வாரங்களில் ஓடுவது பற்றி யாரும் பேசவே முடியாது. அதனால் ஒரு முழு வாரத்தை மழைக்கென்று முதலிலேயே எழுதி வையுங்கள். மழை வந்தால் அது பயன்படும், வராவிட்டால் உடம்புக்கு ஓய்வு. அப்படி ஒதுக்காதவர்கள், தவறிப்போன 28 கி.மீ.யையும் அடுத்த வாரத்து 30 கி.மீ.யையும் எட்டு நாளுக்குள் அடைக்கப் பார்த்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தவறியது தவறியதுதான். அடுத்த வாரத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்.

தேங்கிய தண்ணீரில் ஓடாதீர்கள். பள்ளம் தெரியாது, திறந்து கிடக்கும் சாக்கடைக் குழியும் தெரியாது, அறுந்த கம்பியும் இருக்கலாம். அன்றைக்கு அடுக்குமாடியின் படிக்கட்டில் 40 நிமிடம் ஏறி இறங்கினால் போதும்.

3. ஷூ, சாக்ஸ், உரசல்

ஒரு நவம்பர் ஞாயிறு. 24 கி.மீ. முடித்த தம்பி ஒருவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். வெள்ளை சாக்ஸின் நுனி பழுப்பாகியிருந்தது. சாக்ஸை உரித்ததும் இரண்டாவது விரல் நகம் நாவல்பழ நிறத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. விலையுயர்ந்த ஷூதான், ஆனால் அலுவலக ஷூவின் அதே 8-ம் நம்பர். இரண்டு மணி நேரம் ஓடிய பின் பாதம் வீங்கும். வீங்கிய பாதம் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் போய் இடிக்கும்.

அதனால் ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும் நேரம் அது. ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அரை அல்லது ஒரு நம்பர் கூடுதலாகத் தேவைப்படும். கார்பன் தகடு வைத்த ஷூ முதல் மாரத்தானுக்குத் தேவையில்லை.

ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். பதினெட்டு வாரத்தில் நீங்கள் ஓடப் போவது ஏறக்குறைய 600 கி.மீ. எனவே நவம்பர் கடைசியில் அதே மாடலில் இரண்டாவது ஜோடி வாங்கி, ஒரு லாங் ரன்னையும் (ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம்) சில சிறிய ஓட்டங்களையும் அதில் ஓடிவிட்டுப் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்குக் கீழே காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

பருத்தி பனியனும் பருத்தி சாக்ஸும் வேண்டாம். வியர்வையைக் குடித்துக் கனத்து, உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். அக்குள், தொடை இடுக்கு, ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு உள்ளாடையின் அடிப்பட்டை ஓரம், இந்த இடங்களில் கிளம்பும் முன் வாஸலின் தடவுங்கள். முதல் 15 கி.மீ. வரை இதன் அவசியம் தெரியாது. குளிக்கும்போதுதான் தெரியும்.

4. மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். வாரத்தில் நீங்கள் ஓடும் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்க வேண்டும். மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தனியாக ஓடினால் ஒரு திருக்குறளை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். திணறாமல் சொல்ல முடிந்தால் சரி.

காரணம் இது. மெதுவான ஓட்டத்தில் உடம்பு கொழுப்பை அதிகம் எரிக்கப் பழகுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. காலுக்கு அடி குறைவதால் அடுத்த நாளும் ஓட முடிகிறது. எல்லா ஓட்டத்தையும் நடுத்தர வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு மெதுவான ஓட்டத்தின் பலனும் கிடைக்காது, வேக ஓட்டத்தின் பலனும் கிடைக்காது. களைப்பு மட்டும் வாரா வாரம் சேரும்.

செப்டம்பரில் உங்கள் வேகம் உங்களுக்கே பிடிக்காது. விடியலிலேயே சுமார் 26 டிகிரி, காற்று முழுக்க ஈரம், வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். குளிராதபோது இதயம் தோலுக்கும் தசைக்கும் சேர்த்து ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடுகிறது. அப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சை வைத்து ஓடுங்கள். ஜனவரி விடியலில் வெப்பம் 21, 22 டிகிரிக்கு இறங்கும்போது, அதே மூச்சில் வேகம் தானாகக் கூடியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

நடப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கி.மீ.யிலிருந்தே ஓடுவது ஒரு முறையான உத்தி. களைத்த பிறகு நடப்பதற்கும் களைக்கும் முன் நடப்பதற்கும் கடைசி 10 கி.மீ.யில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும்.

5. ஒரு வாரம் எப்படி இருக்க வேண்டும்

ஞாயிறு லாங் ரன். திங்கள் முழு ஓய்வு. செவ்வாய் 6 முதல் 8 கி.மீ. மெதுவாக. புதன் தசைப் பயிற்சி. வியாழன் 8 முதல் 10 கி.மீ. வெள்ளி ஓய்வு. சனி 4, 5 கி.மீ. மிக மெதுவாக, அல்லது நடை.

வியாழனில் மட்டும், ஆறாவது வாரத்துக்குப் பிறகு, நடுவில் 3 முதல் 5 கி.மீ.யைப் போட்டியில் ஓட நினைக்கும் வேகத்தில் ஓடுங்கள். அந்த வேகத்தைக் கால் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான். 400 மீட்டர் பாய்ச்சல்கள் முதல் மாரத்தானுக்கு வேண்டாம்.

புதன் பயிற்சியைப் பலரும் முதலில் வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். 25 நிமிடம் போதும். படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது ஒற்றைக் காலில் 15 முறை, உட்கார்ந்து எழுவது, முன்னே ஒரு கால் வைத்து மண்டியிட்டு எழும் லஞ்ச், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க். ஒவ்வொன்றும் மூன்று சுற்று. இடுப்புத் தசை தளர்ந்துபோனால் 25 கி.மீ.க்கு மேல் முழங்கால் உள்பக்கம் சரிய ஆரம்பிக்கும், வலியும் அங்கேதான் கிளம்பும்.

6. லாங் ரன்: பயிற்சியின் முதுகெலும்பு

நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இது, கி.மீ.யில்:

1 முதல் 4-ம் வாரம்: 12, 14, 16, 12
5 முதல் 8-ம் வாரம்: 16, 18, 21, 15
9 முதல் 12-ம் வாரம்: 22, 24, 26, 18
13-ம் வாரம்: 28
14-ம் வாரம்: மழைக்கு ஒதுக்கியது. மழை இல்லாவிட்டால் 16
15-ம் வாரம்: 30
16, 17-ம் வாரம்: 21, 12
18-ம் வாரம்: போட்டி

நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரம் இறங்குவதைக் கவனியுங்கள். உடம்பு பலப்படுவது ஓடும்போது இல்லை, ஓடிய களைப்பிலிருந்து மீளும்போதுதான். "நல்லாத்தான் இருக்கேன், எதுக்குக் குறைக்கணும்?" என்று நான்காவது வாரத்திலும் 18 ஓடுகிறவர், ஏழாவது வாரத்தில் பிசியோதெரபிஸ்ட் முன்னால் உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

30-க்கு மேல் போக வேண்டாமா என்பார்கள். வேண்டாம். கி.மீ.க்கு 8 நிமிடம் ஓடுகிறவருக்கு 30 கி.மீ. முடிக்க 4 மணி நேரம் ஆகிறது. அதைத் தாண்டினால் கிடைக்கும் பலனைவிட மீள்வதற்குப் பிடிக்கும் நாட்கள் அதிகம். இன்னும் மெதுவாக ஓடுகிறவர்கள் தூரத்தை மறந்து 4 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி 12 கி.மீ.யைப் போட்டி நாளின் குளிரும், தண்ணீர் நிலையங்களும், கடைசி வாரங்களின் ஓய்வும் பார்த்துக்கொள்ளும்.

வேகம்: போட்டிக்கு நினைத்திருப்பதைவிட கி.மீ.க்கு 30 முதல் 60 விநாடி மெதுவாக.

எங்கே ஓடுவது என்பதும் திட்டத்தில் ஒரு பகுதி. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறக்குறைய 3 கி.மீ. போய்வந்தால் 6. நடுவில் ஒருவர் வண்டியை நிறுத்தி, டிக்கியில் தண்ணீரும் வாழைப்பழமும் வைத்துவிட்டால் 30 கி.மீ. என்பது ஐந்து சுற்று. அலுப்பாக இருக்கும். ஆனால் ஏதாவது ஆனாலும் வண்டியிலிருந்து ஒன்றரை கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்க மாட்டீர்கள். முதல் தடவை 25 ஓடும்போது ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஒரே திசையில் போய்விட்டு, 18-ல் கால் பிடித்துக்கொண்டு, கையில் காசும் இல்லாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு நூறு ரூபாய் நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், கூடவே வீட்டு எண்ணும் ரத்த வகையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

சாலையில் ஓடினால் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரத்தில் ஓடுங்கள். ஒளிரும் பட்டை கட்டுங்கள். காதில் பாட்டு வேண்டாம், அல்லது ஒரு காதில் மட்டும். சாலை ஓரம் சரிந்திருக்கும் இடத்தில் ஒரே பக்கம் மணிக்கணக்கில் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் பாரம் ஏறும். போக்குவரத்து இல்லாத உட்சாலைகளில் பக்கம் மாற்றி ஓடுங்கள்.

தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். நேராக அதன் கண்ணைப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல் மெல்ல விலகுங்கள். ஓடினால் துரத்தும். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். கீறல்தானே என்று விடக் கூடாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இருட்டில் தனியே கிளம்ப வேண்டாம் என்று சொல்வது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலைமை அப்படி. எங்கள் குழுவில் அக்கா ஒருவர் தன் தெருவிலிருந்து மெரினா வரும் வரை இன்னொருவரோடு வண்டியில்தான் வருவார். நகரத்தில் அநேகமாக எல்லாப் பகுதியிலும் ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன, சேர்ந்துகொள்ளுங்கள்.

7. சாப்பாடு, தண்ணீர், உப்பு: லாங் ரன்னிலேயே ஒத்திகை பாருங்கள்

ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். 70 கிலோ உள்ளவருக்கு முழு மாரத்தானுக்கு ஏறக்குறைய 2,950 கலோரி. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாக (உடம்பு மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் வடிவம்) சேமித்திருப்பது சுமார் 2,000. கொழுப்பு ஒரு பகுதியைத் தரும், ஆனால் மெதுவாகத்தான் தரும். அதனால்தான் சரியாகச் சாப்பிடாமல் வேகமாக ஓடியவருக்கு 30, 32 கி.மீ. வாக்கில் சுவரில் மோதியது போல் ஆகிவிடுகிறது.

அந்த இடைவெளியை ஓடும்போதே அடைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஓடும்போது பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும். பெரிய மோரிஸ் வாழைப்பழத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஏலக்கி, ரஸ்தாளி சிறியவை, இரண்டு வேண்டும். கடலை மிட்டாயைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அதில் கொழுப்பு அதிகம், செரிக்க நேரமாகும், மூச்சு வாங்கும்போது துகள் தொண்டையில் சிக்கும். ஓடி முடித்த பிறகு தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பசி வந்த பிறகு சாப்பிட ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டது. முதல் 40 நிமிடத்தில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை. ஜெல்லைத் தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு பிசையும். 16 கி.மீ.யைத் தாண்டும் ஒவ்வொரு லாங் ரன்னிலும் இதைச் செய்யுங்கள். குடலுக்கும் பயிற்சி தேவை.

தண்ணீர் எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஓடக் கிளம்பும் முன் உள்ளாடையோடு எடை பாருங்கள், ஓடி முடித்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 1 கிலோ குறைந்தால் குடித்ததற்கு மேல் 1 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள். இது இன்னும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று மயக்கத்தில் கொண்டுபோய் விடும். 'நிறையத் தண்ணீர் குடி' என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு, மெதுவாக ஓடி, ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு கோப்பை குடிக்கும் புதியவர்களுக்குத்தான் இது வரும். தாகத்தைக் கேட்டுக் குடியுங்கள்.

உப்புக்கு ஓஆர்எஸ். 20.5 கிராம் பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு சின்ன பாட்டிலில் கொட்டுவதால் அளவு கெடும். கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பழரசம் போல இனிக்கும் பானங்கள் எல்லாம் ஓஆர்எஸ் ஆகிவிடாது. இளநீர் அருமையான பானம், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்ததும் இளநீர் குடித்தால் கூடவே உப்புப் போட்ட மோரும் குடியுங்கள். காய்ந்த பனியனிலும் தொப்பியிலும் வெள்ளைக் கோடு படிகிறதா? உங்களுக்கு உப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. ரத்த அழுத்தம் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

முந்தின இரவு சாதம், ரசம், இட்லி, இடியாப்பம் என்று எளிதில் செரிப்பவை. கீரை, கொண்டைக்கடலை, பரோட்டா, எண்ணெயில் மிதக்கும் குழம்பு வேண்டாம். காலையில் ஓடுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன் மூன்று இட்லியும் சர்க்கரையும், அல்லது ஜாம் தடவிய ரொட்டியும் ஒரு பழமும். காபி பழக்கம் இருந்தால் குடியுங்கள், வயிறு சுத்தமாகவும் உதவும்.

8. வலி, காய்ச்சல்: எப்போது நிறுத்துவது

இரண்டு காலிலும் ஒரே மாதிரி, தசை முழுக்கப் பரவிய வலி, இரண்டு நாளில் குறைந்தால் பயமில்லை. ஒரு காலில் மட்டும், விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடும் வலி என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் அழுத்தினால் சுரீர் என்கிற புள்ளி இருந்தால் எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நொண்டிக்கொண்டு ஓடினால் இன்னொரு காலும் கெடும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை, உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தை மேலும் குறைக்கும். ஓட்டத்துக்கு முன்பும் ஓடும்போதும் கண்டிப்பாக வேண்டாம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டெங்கு காலம். காய்ச்சல் இருக்கும்போது ஓடாதீர்கள், இதயத் தசையில் அழற்சி வரக்கூடும். டெங்கு வந்து போயிருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை நடைதான். மூன்று வாரம் போய்விட்டதென்றால் ஃபுல்லை ஹாஃபாக (பாதித் தூரம், 21 கி.மீ.) மாற்ற முடியுமா என்று போட்டி நடத்துபவர்களிடம் கேளுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டல், காரணமில்லாத படபடப்பு: இவற்றில் எது வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. உதவி கேளுங்கள், 108-ஐ அழையுங்கள்.

9. கடைசி மூன்று வாரம்

30 கி.மீ. முடிந்ததும் தூரத்தைக் குறைக்கும் காலம், ஓடுகிறவர்கள் டேப்பர் என்பார்கள். ஓடும் நாட்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் முதல் வாரம் கால் பங்கு, இரண்டாவது வாரம் பாதி என்று குறையுங்கள். போட்டி வாரத்தில் இரண்டு முறை 4, 5 கி.மீ. போதும்.

இந்த நாட்களில் கால் கனக்கும், இல்லாத வலியெல்லாம் தோன்றும், 'பயிற்சி போதவில்லையோ' என்று மனசு அடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் அப்படித்தான். சோதித்துப் பார்க்க ஒரு 25 ஓடிவிடாதீர்கள். டிசம்பர் கடைசியில் ஓடும் எந்தத் தூரமும் ஜனவரி முதல் ஞாயிறுக்கு உதவாது, களைப்பாக மட்டுமே வந்து சேரும்.

கடைசி மூன்று நாள் சோற்றின் அளவை ஒரு கரண்டி கூட்டி, எண்ணெயைக் குறையுங்கள். ஒரே இரவில் வயிறு புடைக்கச் சாப்பிடுவதால் பயனில்லை. போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வராது, அதனால் அதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள்.

10. ஓட்ட நாள்

எண் அட்டையை முந்தின மாலையே பனியனில் நான்கு ஊக்கால் குத்தி, ஷூ, சாக்ஸ், ஜெல், வாஸலின், தொப்பி எல்லாவற்றையும் நாற்காலியில் அடுக்கி வையுங்கள். அன்றைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பரிசுப் பையில் கொடுத்த பனியனும் வேண்டாம், இலவசமாகக் கொடுக்கும் புது ஜெல்லும் வேண்டாம்.

இலக்கு வேகத்தைக் கணக்கிட, நீங்கள் ஓடிய ஹாஃப் மாரத்தான் நேரத்தை இரட்டித்து 30 நிமிடம் கூட்டுங்கள். 2 மணி 30 நிமிடத்தில் ஹாஃப் ஓடியவர் 5 மணி 30 நிமிடத்தை எதிர்பார்க்கலாம். அது கி.மீ.க்கு 7 நிமிடம் 49 விநாடி.

முதல் 5 கி.மீ.யை அதைவிட 15, 20 விநாடி மெதுவாக ஓடுங்கள். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். என் முதல் ஃபுல்லில், கி.மீ.க்கு 7 நிமிடம் 15 விநாடியில் லாங் ரன் பழகிய நான், கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் 10 கி.மீ.யை 62 நிமிடத்தில் ஓடினேன். 31-ல் இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகின. மிச்சம் 11 கி.மீ.க்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு தன்னார்வலர் பையன் என் காலைத் தன் முழங்காலில் வைத்துப் பாதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. முதல் 10 கி.மீ.யில் நான் மிச்சம் பிடித்தது பத்து நிமிடம், அவ்வளவுதான்.

தண்ணீர் நிலையங்களில் முதல் மேசையில் முண்டியடிக்காமல் கடைசி மேசைக்குப் போங்கள். கோப்பையின் வாயைக் கிள்ளிப் பிடித்து, நடந்துகொண்டே இரண்டு மிடறு. தலையிலும் பிடரியிலும் கொஞ்சம் ஊற்றலாம், ஷூவுக்குள் மட்டும் போகக் கூடாது. நனைந்த சாக்ஸ் கொப்புளம் போடும்.

32-க்குப் பிறகு 42-ஐ நினைக்காதீர்கள். அடுத்த விளக்குக் கம்பம், அடுத்த தண்ணீர் நிலையம். வெயில் ஏறும் நேரமும் அதுவேதான், எனவே மரநிழல் இருக்கும் ஓரத்தைத் தேடி ஓடுங்கள். கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தால் இறுகும் வரை காத்திருக்காமல் ஒரு நிமிடம் நடந்து ஓஆர்எஸ் குடியுங்கள்.

11. கோட்டைத் தாண்டிய பிறகு

உட்காராதீர்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலே வராமல் மயக்கம் வரும். 10, 15 நிமிடம் மெல்ல நடங்கள். ஈர பனியனை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தயிர்சாதமும் ஒரு முட்டையோ சுண்டலோ சாப்பிடுங்கள். உங்கள் வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம், யாரையாவது வரச் சொல்லுங்கள்.

அன்று சிறுநீர் காபி நிறத்தில் வந்தால், அல்லது ஆறேழு மணி நேரமாக வரவேயில்லை என்றால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அடையாளம் அது.

திங்கள், செவ்வாய் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள். ஒரு வாரம் ஓட்டமே வேண்டாம், நடையும் நீச்சலும் போதும். இரண்டாவது வாரம் மூன்று முறை 3, 4 கி.மீ. கறுத்துப்போன நகத்தைப் பிடுங்காதீர்கள், அடியில் புது நகம் வளர்ந்ததும் தானாக விழும்.